ஏழைக்கும் ஒரு பெயர் உண்டு



இயேசு ஆண்டவர் கூறிய உவமைகளில் வரும் மனிதர்கள் பெரும்பாலும் பெயரற்றவர்கள். விதைக்கச் சென்றவர் யார், ஊதாரி மைந்தனை வரவேற்ற தந்தை யார், எரிகோ செல்லும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவர் யார் என்று நற்செய்தி நமக்குச் சொல்வதில்லை. லூக்கா நற்செய்தி 16ஆம் அதிகாரத்தில் உள்ள ஓர் உவமை மட்டும் இதற்கு விலக்கு. செல்வர் ஒருவரின் வீட்டு வாயிலில் புண்கள் நிறைந்த உடலோடு கிடந்த ஏழைக்கு இயேசு தாமே பெயர் சூட்டுகிறார்: இலாசர். ‘கடவுள் உதவினார்’ என்பது அப்பெயரின் பொருள். விலையுயர்ந்த ஆடை உடுத்தி நாள்தோறும் விருந்துண்ட செல்வருக்கோ பெயரே இல்லை. பிற்காலத்தில் மேலைநாட்டுக் கிறிஸ்தவர்கள் அவரைத் ‘தீவெஸ்’ என அழைத்தார்கள். அதுவும் பெயரன்று, இலத்தீன் மொழியில் ‘செல்வர்’ எனப் பொருள்படும் பொதுச்சொல்லே அது.

உலகம் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. செல்வரின் பெயரை ஊரே அறியும். வாயிலில் கிடப்பவரின் பெயரை எவரும் கேட்பதில்லை. கடவுளின் ஏட்டில் எவர் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்பதை இந்த ஒரு பெயரால் இயேசு நமக்கு உணர்த்திவிடுகிறார்.

இனி, நமது கைத்தொலைபேசியைத் திறந்து முகநூலில் நாள்தோறும் நம் கண்ணில் படும் ஒரு படத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு தகரக் கொட்டிலின் முன்னே பதாகை கட்டப்பட்டிருக்கிறது. அதில் உதவி வழங்கும் அமைப்பின் இலச்சினை, அனுசரணை வழங்கியவரின் பெயர், அவர் வாழும் நாடு, யாருடைய பிறந்த நாளுக்காக அல்லது யாருடைய நினைவு நாளுக்காக அவ்வுதவி வழங்கப்படுகிறது என்னும் விவரம், எல்லாம் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன. பதாகையின் கீழே ஒரு தாய் உலர் உணவுப் பொதியின் ஒரு முனையைப் பிடித்து நிற்கிறார். மறுமுனையை வழங்குபவர் பிடித்துக்கொண்டு ஒளிப்படக் கருவியைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்தத் தாய்க்கு அங்கே பெயர் இல்லை. அவர் ‘வறிய குடும்பம்’, அவர் ‘பயனாளி’. இயேசு சொன்ன உவமையை நாம் தலைகீழாக எழுதியிருக்கிறோம்.

வாகரை என்னும் பெயர்

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே சென்று, வாழைச்சேனை, ஓட்டமாவடி கடந்து, மாங்கேணியையும் பனிச்சங்கேணிப் பாலத்தையும் தாண்டினால் வாகரை. ஒரு புறம் கடல், மறுபுறம் களப்பு. இறாலும் நண்டும் மீனும் தரும் நீர்நிலைகள், காயான்கேணிக் கடலடியில் பவளப்பாறைகள், சேனைப் பயிர்ச்செய்கை, மாட்டுப் பட்டிகள், தம் முன்னோரின் நினைவையும் வழிபாட்டையும் இன்றும் பேணும் வேடர் வழிவந்த குடும்பங்கள் எனத் தனக்கென ஒரு வாழ்வையும் வரலாற்றையும் உடைய மண் அது.

ஆனால் வெளியுலகம் வாகரையை அறிந்தது துயரச் செய்திகளின் வழியாகவே. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையோரத்தைச் சிதைத்தது. 2006ஆம் ஆண்டில் மூதூர் கிழக்கிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் போருக்கு அஞ்சி ஓடிவந்த பல்லாயிரம் மக்கள் வாகரையிலும் கதிரவெளியிலும் தஞ்சம் புகுந்தனர். அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் கதிரவெளிப் பாடசாலையில் தங்கியிருந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்ததில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2007 ஜனவரியில் ஊர்கள் வெறுமையாயின. பின்னர் மக்கள் மீண்டும் வந்து, இல்லாமையிலிருந்து தம் வாழ்வைத் தொடங்கினர்.

அன்று முதல் உதவும் கரங்கள் பல நீண்டன. திருச்சபையின் அமைப்புகளும், பிற சமயத்தாரின் அமைப்புகளும், புலம்பெயர்ந்த நம் உறவுகளும் செய்தவை சிறியவை அல்ல. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது கடல் கடந்து வந்த அன்பினால்தான். அந்த அன்பை எவரும் குறைத்துப் பேச இயலாது; இக்கட்டுரையும் அதைக் குறைத்துப் பேசவில்லை.

எனினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. பல ஆண்டுகளாக வாகரையின் பெயரோடு வெளியான படங்களைப் பார்க்கும் ஒருவர் இவ்வூரைப் பற்றி என்ன எண்ணுவார்? நீட்டிய கைகளும் கலங்கிய கண்களும் மட்டுமே உள்ள ஊர் என்றல்லவா எண்ணுவார்? விடியுமுன் தோணி தள்ளிச் செல்லும் தந்தையையும், கூலி வேலை செய்து பிள்ளையைப் பல்கலைக்கழகம் அனுப்பிய தாயையும் அப்படங்கள் காட்டுவதில்லை. ஓர் ஊரின் வறுமை உண்மையாயிருக்கலாம். அந்த வறுமையே அவ்வூரின் முழுப்பெயர் ஆகிவிடும்போது உண்மை திரிந்துவிடுகிறது.

முகத்தை அறிந்தோம், பெயரை அறியவில்லை

1984ஆம் ஆண்டு பாகிஸ்தானில் இருந்த நசீர் பாக் அகதி முகாமில் ஆப்கானியச் சிறுமி ஒருத்தியை ஸ்டீவ் மெக்கரி என்னும் ஒளிப்படக் கலைஞர் படம் எடுத்தார். 1985 ஜூன் மாத நேஷனல் ஜியோகிராபிக் இதழின் அட்டையில் அப்படம் வெளிவந்தது. பச்சைக் கண்களோடு நம்மை உற்றுநோக்கும் அந்த முகம் உலகெங்கும் சென்றது. இதழ் புகழ்பெற்றது, எடுத்தவர் புகழ்பெற்றார். அச்சிறுமியின் பெயரை மட்டும் உலகம் 17 ஆண்டுகள் அறியவில்லை. 2002ஆம் ஆண்டில் அவரைத் தேடிக் கண்டபோதுதான் சர்பத் குலா என்பது அவர் பெயர் எனத் தெரியவந்தது. உலகறிந்த தம் படத்தை அவர் அதுவரை பார்த்ததே இல்லை.

அன்று ஒரு படம் உலகைச் சுற்றிவரப் பெரிய இதழொன்று தேவைப்பட்டது. இன்று நம் சட்டைப்பையில் உள்ள கருவியே போதும். அதனால் அன்று ஓர் இதழாசிரியருக்கு இருந்த பொறுப்பு இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் வந்து சேர்ந்திருக்கிறது.

இப்பொறுப்பை மறந்தால் என்ன நேரும் என்பதை நம் மண்ணிலேயே கண்டோம். புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணத்தில் உதவி வழங்கி அதனைக் காணொளியாக வெளியிட்டு வந்த ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் ஓர் இளம்பெண்ணிடம் பேசிய முறை 2025 மார்ச்சில் பெரும் கண்டனத்தை எழுப்பியது. அவர் கைது செய்யப்பட்டார். அவரைப் பழிப்பது நம் நோக்கமன்று. அத்தகைய காணொளிகளை அதுவரை பார்த்தவர்கள் யார், விரும்பியவர்கள் யார், பகிர்ந்தவர்கள் யார் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வதே பயன் தரும். பார்ப்பவர் இல்லாத இடத்தில் எவரும் கூத்து ஆடுவதில்லை.

குறி சுடுதல்

இன்று நிறுவனங்கள் தங்கள் நற்பெயரைப் பேணுவதற்கென்றே வல்லுநர்களை அமர்த்துகின்றன. தங்கள் ‘பிராண்ட்’ மக்கள் மனத்தில் எவ்வாறு பதிய வேண்டும் என்று திட்டமிடுகின்றன. அந்த ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளை அறிந்தால் வியப்பாயிருக்கும்: பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் மாட்டின் உடலில் இடும் சூட்டுக்குறியே அது. மாட்டுப் பட்டி வைத்திருக்கும் மட்டக்களப்பு மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த மாடு இன்னாருடையது என்று காட்டுவதற்காகக் குறி சுடும் வழக்கத்தை அவர்கள் அறிவார்கள்.

மாட்டுக்குக் குறி சுடலாம். மனிதருக்குச் சுடலாமா? பத்து வயதுச் சிறுமியின் கையில் புத்தகப்பையைக் கொடுத்து, அதன்மேல் நம் இலச்சினை தெரியும்படி நிறுத்திப் படமெடுத்து, உலகெங்கும் அனுப்பும்போது நாம் செய்வது என்ன? ‘இக்குழந்தை எங்கள் உதவியால் படிக்கிறது’ என்ற குறியை அவள்மீது சுடுகிறோம். பை ஓராண்டில் கிழிந்துவிடும். படம் கிழிவதில்லை. அவள் உயர்தரம் கற்கும்போதும், வேலைக்குச் செல்லும்போதும், திருமணப் பேச்சு நடக்கும்போதும் அப்படம் எவர் கையிலாவது இருக்கும்.

மனிதர்மீது முன்னரே ஒரு சாயல் பொறிக்கப்பட்டிருக்கிறது. கடவுள் மனிதரைத் தம் சாயலில் படைத்தார் என்று தொடக்க நூலின் முதல் அதிகாரம் கூறுகிறது. சீசருடைய உருவம் பொறித்த நாணயம் சீசருக்கு உரியதென்றால், கடவுளின் உருவம் பொறித்த மனிதர் கடவுளுக்கே உரியவர். அவர்மேல் வேறொருவர் தம் குறியைச் சுட உரிமை இல்லை.

திருச்சபையின் சட்டமும் இதையே பேணுகிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 220ஆம் சட்டம், ஒருவர் பெற்றிருக்கும் நற்பெயருக்கு முறையின்றி ஊறு விளைவிக்கவும், அவரது அந்தரங்கத்தைக் காக்கும் உரிமையை மீறவும் எவருக்கும் அனுமதியில்லை என்கிறது. இந்த உரிமை வசதி படைத்தோருக்கு மட்டும் உரியதன்று. பொய்யான செய்தியைப் பரப்பி ஒருவரின் பெயரைக் கெடுப்பது பாவம் என்பதை நாம் அறிவோம். உண்மையாயினும் தக்க காரணமின்றி ஒருவரின் குறையை அறியாதவரிடம் வெளிப்படுத்துவதும் பாவமே என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது. வறுமை ஒரு குற்றமன்று. ஆயினும் தன் வீட்டில் அரிசி இல்லை என்பதை ஊருக்கு அறிவிக்க எந்தத் தாய் விரும்புவாள்?

எக்காளமும் பற்றுச்சீட்டும்

மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில், தர்மம் செய்யும்போது எக்காளம் ஊதவேண்டாம் என்றும், வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்றும் இயேசு கற்பித்தார். மக்கள் புகழ வேண்டுமென்று கொடுப்போர் தங்கள் கைம்மாற்றை ஏற்கெனவே பெற்றுவிட்டார்கள் என்பது அவர் தீர்ப்பு. ‘பெற்றுவிட்டார்கள்’ என்பதற்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல், அக்காலத்தில் பற்றுச்சீட்டுகளில் ‘முழுத்தொகையும் கிடைத்தது’ என்று எழுதப் பயன்பட்ட சொல். கணக்கு அத்தோடு முடிந்தது. விண்ணகத்தில் பெறுவதற்கு இனி ஒன்றும் பாக்கி இல்லை. இன்று நம் பதிவின் கீழே சேரும் விருப்பக்குறிகளை எண்ணி மகிழும்போது, அவைதாம் நமக்குரிய பற்றுச்சீட்டு என்பதை நினைவில் கொள்வோமாக.

அப்படியானால், நம் நற்செயல்களைக் கண்டு மக்கள் தந்தையைப் போற்றும்படி நம் ஒளி அவர்கள்முன் ஒளிரட்டும் என்று அதே மலைப்பொழிவில் இயேசு சொன்னாரே, அது முரண் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். முரண் இல்லை. ஒளி ஏற்றுவது வீட்டிலுள்ளோர் வழி காண்பதற்காக. விளக்கின் விலையைக் காட்டுவதற்காக அன்று. படத்தைப் பார்ப்பவர் இறுதியில் யாரைப் போற்றுகிறார் என்பதே அளவுகோல்.

வள்ளுவர் ஈகைக்கு 23ஆம் அதிகாரத்தை வகுத்தவர், இரந்து நிற்பதன் அச்சத்துக்கும் 107ஆம் அதிகாரத்தைத் தனியே வகுத்தார். கொடுப்பவரின் பெருமையை மட்டும் பேசிவிட்டு, கேட்பவரின் நெஞ்சு படும் பாட்டை மறந்துவிடாத மரபு நம்முடையது.

கணக்குக் காட்ட வேண்டாமா?

“சுவாமி, படம் போடாவிட்டால் பணம் அனுப்பியவர் நம்பமாட்டாரே?” இக்கேள்வியில் நியாயம் உண்டு. ஏழையின் பெயரால் பணம் திரட்டி ஏழைக்குச் சேர்க்காதவர்கள் உண்டு. வியர்வை சிந்தி உழைத்த பணத்தை அனுப்புகிறவர் அது உரியவரிடம் சேர்ந்ததா என்று அறிய விரும்புவது தவறன்று.

புனித பவுல் இதே சிக்கலைச் சந்தித்தவர். எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்து முதலிய சபைகளில் அவர் நன்கொடை திரட்டினார். அப்பெருந்தொகையைக் கையாளுவதில் எவரும் தம்மைக் குறைகூறக் கூடாதென அவர் அக்கறை கொண்டார். ஆண்டவர் முன்னிலையில் மட்டுமின்றி மனிதர் முன்னிலையிலும் நேர்மையாய் நடக்க விரும்பினார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 8ஆம் அதிகாரத்தில் இதைக் காண்கிறோம். அதற்கு அவர் செய்த ஏற்பாடு என்ன? தீத்துவையும், சபைகளின் நம்பிக்கைக்குரிய வேறு சகோதரர்களையும் உடன் அனுப்பினார். பணத்துக்குச் சாட்சிகளை நிறுத்தினார். எருசலேமின் ஏழைகளைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தவில்லை.

இதில்தான் நாம் தடுமாறுகிறோம். கணக்குக் காட்ட வேண்டியவர் பணத்தைக் கையாளுபவர். அவருடைய நேர்மையை மெய்ப்பிக்கும் சுமையை நாம் பசித்தவரின் முகத்தில் ஏற்றிவிடுகிறோம்.

‘அவர்கள் சம்மதித்துத்தானே படம் எடுத்தோம்’ என்பது மற்றொரு விடை. ஒரு கையில் பொதியை நீட்டிக்கொண்டு மறுகையில் கைத்தொலைபேசியை உயர்த்திக் கேட்கும் சம்மதம் சம்மதமாகுமா? வீட்டில் பிள்ளைகள் காத்திருக்க, ‘படம் வேண்டாம்’ என்று சொல்லும் துணிவு எந்தத் தாய்க்கு வரும்? மறுக்க இயலாதவர் தரும் இசைவு வெறும் பணிவே.

1994ஆம் ஆண்டு செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் உலகின் பெரிய உதவி அமைப்புகளும் இணைந்து, பேரிடர் நிவாரணத்துக்கென 10 நெறிகளைக் கொண்ட ஒழுக்க விதியை வகுத்தன. கத்தோலிக்கத் திருச்சபையின் அகில உலகக் கரித்தாஸ் அதனை முன்னின்று ஆக்கிய அமைப்புகளுள் ஒன்று. அதன் பத்தாவது நெறி விளம்பரத்தைப் பற்றியது: பாதிக்கப்பட்டோரை நம்பிக்கையற்ற பொருள்களாய்க் காட்டாமல், மாண்புள்ள மனிதராய்க் காட்டவேண்டும் என்பதே அதன் சாரம். முகநூல் பிறப்பதற்கு 10 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட நெறி இது. அந்நாளில் அது பெரிய அமைப்புகளுக்குத் தேவைப்பட்டது. இன்று ஒவ்வொரு பங்கின் இளையோர் மன்றத்துக்கும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தேவைப்படுகிறது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, பொருளைப் படமெடுப்போம், முகத்தை விட்டுவிடுவோம். கட்டி முடித்த கிணற்றையும், வேய்ந்த கூரையையும், வாங்கிய வலையையும், கடையின் பற்றுச்சீட்டையும் அனுப்பலாம். நன்கொடையாளருக்கு அவை போதிய சான்று.

இரண்டாவதாக, பெற்றுக்கொண்டோரின் கையொப்பப் பட்டியலைப் பங்குச் சபையார் பாதுகாப்பாக வைத்திருக்கலாம். உரியவர் கேட்டால் காட்டலாம். ஊருக்குக் காட்ட வேண்டியதில்லை. வரவு செலவுத் தொகையை மட்டும் ஆலய அறிவித்தல் பலகையில் இடலாம்.

மூன்றாவதாக, சிறுவர்களின் முகம் எந்த உதவிப் படத்திலும் வேண்டாம். பெற்றோர் சம்மதித்தாலும் வேண்டாம். வளர்ந்த பின் அப்பிள்ளை என்ன எண்ணும் என்பதை இன்று எவரும் அறியார்.

நான்காவதாக, புலம்பெயர்ந்து வாழும் அன்பர்களே, நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: “எங்களுக்குப் படம் வேண்டாம், கணக்குப் போதும்.” பணம் அனுப்புகிறவர் சொன்னால் மறுநாளே பதாகைகள் இறங்கிவிடும். உங்கள் தந்தையின் நினைவு நாளில் ஒரு குடும்பம் தலைநிமிர்ந்து உண்பதைவிடச் சிறந்த காணிக்கை வேறில்லை.

ஐந்தாவதாக, பார்ப்பவர்களாகிய நாம், அழுகிற முகங்களைப் பகிர்வதை நிறுத்துவோம். இரக்கம் விரல் நுனியில் முடிந்துவிடும்போது, உதவி செய்தது போன்ற ஒரு மனநிறைவு மட்டும் நமக்குக் கிடைக்கிறது. இலாசர் வாயிலிலேயே கிடக்கிறார்.

மீராவின் ஆயர் புனித நிக்கொலாஸ் பற்றிய பழைய வரலாறு உங்களுக்குத் தெரிந்திருக்கும். சீதனம் கொடுக்க வழியின்றி மூன்று பெண்களோடு கலங்கிய ஒரு தந்தையின் வீட்டினுள், இரவில் எவரும் அறியாமல் பொன்முடிச்சுகளை எறிந்துவிட்டுச் சென்றார் என்பர். அவர் தம் தாழ்ச்சியால் இருளைத் தெரிந்துகொண்டார் என்று நாம் வழக்கமாகச் சொல்கிறோம். வேறொன்றையும் எண்ணிப் பாருங்கள். பகலில் கொடுத்திருந்தால், ‘ஆயரின் தர்மத்தில் கரையேறிய பெண்கள்’ என்ற பேச்சு அப்பெண்களை வாழ்நாளெல்லாம் தொடர்ந்திருக்கும். அவர் கொடுத்தது பொன் மட்டுமன்று. அக்குடும்பத்தின் நற்பெயரையும் சேர்த்தே கொடுத்தார்.

திருச்சபையின் நற்பெயர்

‘நாம் செய்வதைச் சொல்லாவிட்டால் திருச்சபையின் பணி எவருக்கும் தெரியாமற் போகுமே’ என்று கவலைப்படுவோருக்கு வரலாறு ஒரு விடை வைத்திருக்கிறது. 361 முதல் 363 வரை உரோமைப் பேரரசை ஆண்ட யூலியான், கிறிஸ்தவத்தை விட்டு விலகிப் பழைய தெய்வங்களின் வழிபாட்டை மீண்டும் நிலைநாட்ட முயன்றவர். அவர் தம் குருக்களுள் ஒருவருக்கு எழுதிய மடலில் மனம் வெதும்பி ஒன்றை ஒப்புக்கொண்டார்: இந்தக் கலிலேயர் தங்கள் ஏழைகளை மட்டுமன்றி நம்முடைய ஏழைகளையும் பேணுகிறார்களே என்று. விளம்பரம் ஏதுமின்றி, எதிரியின் வாயிலிருந்து பிறந்த நற்சாட்சி அது. செய்த செயல் தானே பேசியது.

திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 அக்டோபரில் வெளியிட்ட தமது முதல் திருத்தூது ஊக்கவுரையை ஏழைகள்மீது கொள்ளவேண்டிய அன்பைப் பற்றியே எழுதினார். அவருக்கு முன்னிருந்த திருத்தந்தை பிரான்சிஸ், தர்மம் இடும்போது அவருடைய கண்களைப் பார்த்தீர்களா, கையைத் தொட்டீர்களா என்று பலமுறை கேட்டார். ஒளிப்படக் கருவியைப் பார்க்கும் கண்களால் ஏழையின் கண்களைப் பார்க்க முடியாது.

ஆகவே அன்பானவர்களே, அடுத்த முறை ஒரு பொதியைச் சுமந்துகொண்டு வாகரையிலோ வேறெங்கோ ஒரு வீட்டின் படலையைத் திறக்கும்போது, கைத்தொலைபேசியைப் பையில் வைத்துவிடுங்கள். அமருங்கள், அவர் தரும் தேநீரைப் பருகுங்கள். உங்கள் பெயரைச் சொல்லுமுன் அவருடைய பெயரைக் கேளுங்கள். வீடு திரும்பியதும் இரவுச் செபத்தில் உங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து அந்தப் பெயரை ஆண்டவரிடம் சொல்லுங்கள். இலாசரைப் பெயர் சொல்லி அழைத்தவர் அதைக் கேட்பார்.